1500-1700 காலத்து இங்கிலீஷ் புத்தகங்கள்லேர்ந்து ஆன்லைன் அகராதிக்கு மேற்கோள் போடுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கில விக்சனரி மாதிரி யார் வேணா எடிட் பண்ணலாம்ங்கற அகராதிகள்ல பழைய மேற்கோள்கள கொஞ்சம் நோண்டிப் பாத்தீங்கன்னா ஒரே வியாதிதான் திரும்பத் திரும்ப கண்ணுல படும். வருஷம் முதல் பதிப்போடது, ஸ்பெல்லிங் இந்தக் காலத்து ஸ்கூல் பதிப்போடது, பக்க எண் விக்டோரியா காலத்து ரீபிரிண்ட்டோடது, லிங்க்க அமுக்கினா நாலாவதா ஒரு புத்தகம் திறக்குது. அப்படி ஒரு புத்தகம் உலகத்துலயே கிடையாது. அதனால இந்த வழிகாட்டில நான் சொல்லப்போறது எல்லாமே ஒரே விஷயத்துக்குத்தான் வந்து சேரும்: நீங்க கண்ணால பாத்த ஒரு பதிப்பு, அதோட வருஷம், அதோட எழுத்து, அதோட பக்கம். நாலும் ஒரே இடத்துலேர்ந்து வரணும், அவ்ளோதான்.

உதாரணத்துக்கு கேட்டமரான்ங்கற இங்கிலீஷ் சொல்ல எடுத்துக்கறேன். நம்ம கட்டுமரம்தான். 1600கள் கடைசில சோழமண்டலக் கரைப் பக்கம் வந்துட்டுப் போன இங்கிலீஷ்காரங்க எழுதின புத்தகங்கள்ல இது வருது, ஒரு மேற்கோள் போடுறதுல வர்ற சிக்கல் நிறைய இந்த ஒரு சொல்லுலயே வந்துடும்.

எந்தக் காலம், எந்த மொழி

விக்சனரி கணக்குல 1500க்கு முந்தினது மத்திய ஆங்கிலம், அது தனி மொழியாவே வேற தலைப்புல போகும். வில்லியம் காக்ஸ்டன் 1476ல வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் வெச்சு இங்கிலாந்துல அச்சுத்தொழில ஆரம்பிச்சு வெச்சவரு, ஆனா அவர் அச்சடிச்சது எல்லாமே 1500க்கு முன்னாடிங்கறதால அவர் புத்தகத்து வரிய ஆங்கிலம்ங்கற தலைப்புக்கு கீழ போட்டா யாராவது வந்து நகர்த்திடுவாங்க. 1500லேர்ந்து 1700 வரைக்கும் உள்ளதுதான் இங்க பேச்சு.

அந்த வரி மேற்கோளா தேறுமா

தேடிக் கண்டுபிடிச்ச உடனே காப்பி பண்ணாதீங்க. அந்தச் சொல்ல எழுதினவர் உண்மையிலேயே பயன்படுத்தியிருக்காரா, இல்ல சும்மா சொல்லப் பத்தி சொல்லியிருக்காரான்னு பாருங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா 1604ல ராபர்ட் காட்ரி போட்ட கஷ்டமான சொற்களோட பட்டியல், 1656ல தாமஸ் பிளவுண்ட் போட்ட கிளாசோகிராஃபியா மாதிரி அகராதிகள்ல லத்தீன்லேர்ந்து இழுத்துட்டு வந்த சொற்கள் நிறைய இருக்கு, அதுல சிலது அந்த அகராதிகளுக்கு வெளிய யாருமே எழுதாதது. அந்த மாதிரி இடத்துலேர்ந்து எடுத்தா அது பயன்பாடா எண்ணப்படாது. விக்சனரில இங்கிலீஷ் மாதிரி எழுதி வெச்சது நிறைய கிடைக்கற மொழிகளுக்கு ஒரு சொல் நிலைக்கணும்னா, ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத மூணு பயன்பாடு, ஒரு வருஷத்துக்கு மேல பரவின இடைவெளில வேணும்ங்கறது பொதுவான விதி. ஒரே ஆள் ரெண்டு புத்தகத்துல எழுதினா அது ரெண்டு ஆகாது.

புத்தகத்த எங்க தேடுறது

எர்லி இங்கிலீஷ் புக்ஸ் ஆன்லைன், சுருக்கமா ஈபோ, இதுதான் பெரிய கடல். 1930கள்லேர்ந்து மைக்ரோஃபிலிம் எடுத்த படங்கள்தான் பின்னாடி டிஜிட்டல் ஆச்சு, படங்கள பாக்க நூலக லாகின் வேணும். ஆனா அதுலேர்ந்து டைப் பண்ணி எடுத்த டெக்ஸ்ட், ஈபோ டிசிபின்னு சொல்லுவாங்க, மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து செஞ்சது, முதல் கட்டம் சுமார் 25,000 புத்தகம் 2015 ஜனவரி 1ல எல்லாருக்கும் இலவசம் ஆச்சு, ரெண்டாவது கட்டமும் 2020ல திறந்துட்டாங்க. இது ஓசிஆர், அதாவது மெஷின் தானா படத்தப் படிச்சு எழுத்தாக்கினது, இல்ல, மனுஷங்க ஒரே பக்கத்த ரெண்டு தடவ தனித்தனியா டைப் பண்ணி ஒப்பிட்டது, அதனால நம்பகமானது. ஆனாலும் படிக்க முடியாத எழுத்து வந்த இடத்துல ஒரு கருப்புப் புள்ளி போட்டிருப்பாங்க, அந்தப் புள்ளிய நீங்களா ஊகிச்சு நிரப்பாதீங்க, ஸ்கேன் எங்கயாவது கிடைக்குதான்னு தேடுங்க. நீள எஸ்ஸ, அதாவது பழைய அச்சுல எஃப் மாதிரி தெரியற எஸ்ஸ, அவங்க சாதாரண எஸ்ஸா மாத்தித்தான் டைப் பண்ணியிருக்காங்க, அதையும் மனசுல வெச்சுக்கங்க.

இலவச ஸ்கேனுக்கு இன்டர்நெட் ஆர்கைவ், ஹாத்தி டிரஸ்ட், கூகுள் புக்ஸ். வாஷிங்டன்ல இருக்கற ஃபோல்ஜர் நூலகம், ஆக்ஸ்ஃபோர்டோட போட்லியன் ரெண்டும் ஷேக்ஸ்பியர் முதல் ஃபோலியோவ, அதாவது அவர் நாடகங்கள 1623ல ஒரே பெரிய புத்தகமா சேர்த்துப் போட்டத, பக்கம் பக்கமா போட்டிருக்காங்க. ஒரு புத்தகத்துக்கு எத்தனை பதிப்பு இருக்குன்னு பாக்க இங்கிலீஷ் ஷார்ட் டைட்டில் கேட்டலாக், ஈஎஸ்டிசி. 1475லேர்ந்து 1640 வரைக்கும் போலார்ட், ரெட்கிரேவ் பட்டியல் எண், 1641லேர்ந்து 1700 வரைக்கும் விங் எண். இந்த எண்ண குறிச்சு வெச்சுக்கங்க, பேர் ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பதிப்ப பிரிச்சுக் காட்டறது இதுதான்.

கூகுள் புக்ஸ்ல தேடும்போது ஒரு சூட்சுமம். பழைய அச்சுல சொல்லோட நடுவுலயும் ஆரம்பத்துலயும் வர்ற சின்ன எஸ் நீளமா எஃப் மாதிரியே இருக்கும், மெஷின் அத எஃப்னே படிச்சுடும். அதனால பெஸ்ட்ங்கறத தேடணும்னா பெஃப்ட்ன்னும் தேடிப் பாக்கணும், சேம்ங்கறது ஃபேம்னு கிடக்கும். சொல்லோட கடைசில வர்ற எஸ்ஸும் கேப்பிட்டல் எஸ்ஸும் சாதாரணமாத்தான் இருக்கும், அதனால அது ரெண்டும் தப்பிச்சுடும்.

அகராதிலேர்ந்து அகராதிக்கு மட்டும் காப்பி அடிக்காதீங்க. ஆக்ஸ்ஃபோர்டு அகராதில மேற்கோள்கள இடத்துக்காக வெட்டியிருப்பாங்க, டாக்டர் ஜான்சன் 1755 அகராதில வரிகள சுருக்கியிருக்கறத முன்னுரையில அவரே ஒத்துக்கறாரு. நம்ம உதாரணத்துக்கு எல்லாரும் போற இடம் யூலும் பர்னலும் 1886ல போட்ட ஹாப்சன்-ஜாப்சன்ங்கற ஆங்கிலோ-இந்தியச் சொற்களோட அகராதி. அதுல கேட்டமரானுக்குக் கீழ 1673ன்னு தேதி போட்டு, ஃப்ரையர், 24ன்னு மட்டும் ஒரு மேற்கோள் இருக்கும், கடைசில மூணு புள்ளி வெச்சு வெட்டியிருக்கும். அது ஒரு துப்பு, அவ்ளோதான். அதப் பிடிச்சுக்கிட்டு மூலத்துக்குப் போகணும்.

எந்தப் பதிப்பு

ஃப்ரையர்ங்கறது டாக்டர் ஜான் ஃப்ரையர், கிழக்கிந்தியாவுலயும் பாரசீகத்துலயும் 1672லேர்ந்து 1681 வரைக்கும் சுத்தினத எட்டு கடிதமா எழுதின புத்தகம். தலைப்புப் பக்கத்துல கீழ லண்டன், ஆர். ஆர். அச்சடிச்சது, ரி. சிஸ்வெல்லுக்காக, செயின்ட் பால்ஸ் சர்ச்யார்ட்ல ரோஸ் அண்ட் கிரவுன் கடைல, வருஷம் ரோமன் எண்ணுல 1698. இதே புத்தகத்த, பழைய பயண நூல்கள பதிப்பிக்கற ஹாக்லூட் சொசைட்டி 1909லேர்ந்து 1915க்குள்ள மூணு தொகுதியா மறுபடி போட்டுது, பதிப்பிச்சவர் வில்லியம் குரூக், ஹாப்சன்-ஜாப்சனோட 1903 பதிப்ப திருத்தினவரும் அவரேதான். இன்டர்நெட்ல தேடினா ரெண்டும் கிடைக்கும், பக்கம் ரெண்டுலயும் வேற வேற. குரூக் பதிப்ப பாத்து எடுத்துட்டு 1698ன்னு போட்டு 24ம் பக்கம்னு போட்டா, மேல சொன்ன அதே வியாதி.

பைபிள் இன்னும் மோசம். கிங் ஜேம்ஸ் பைபிள் 1611ல ராபர்ட் பார்க்கர் அச்சடிச்சது, சரி, ஆனா இன்னைக்கு வெப்சைட்ல எல்லாம் கிங் ஜேம்ஸ்னு இருக்கற வரிகள் பெரும்பாலும் 1769ல ஆக்ஸ்ஃபோர்டுல பெஞ்சமின் பிளேனி ஸ்பெல்லிங்கும் குறியீடும் சீராக்கின பதிப்ப ஒட்டி வர்றது. அந்த ஸ்பெல்லிங்க போட்டு தலைல 1611ன்னு எழுதினா பொய் சாட்சி.

மில்டனோட பாரடைஸ் லாஸ்ட் 1667ல பத்து காண்டமா வந்துது, 1674ல ஏழாவதையும் பத்தாவதையும் ரெண்டு ரெண்டா பிரிச்சு பன்னெண்டு ஆக்கிட்டாரு. அதனால 1667ன்னு போட்டா இப்ப ஒன்பதாவது காண்டம்னு எல்லாரும் சொல்றத எட்டாவதுன்னுதான் போடணும். ராபர்ட் பர்ட்டனோட மெலன்கலி புத்தகம் 1621ல வந்து பதிப்புக்குப் பதிப்பு வீங்கிக்கிட்டே போச்சு, 1651 பதிப்புல இருக்கற வரி 1621ல இருக்கும்னு எந்த கேரண்டியும் கிடையாது, பழைய பதிப்ப திறந்து பாத்துட்டுத்தான் வருஷத்த முன்னாடி தள்ளணும்.

வருஷம்: இங்கதான் எல்லாரும் வழுக்கறது

ஃப்ரையர் மேற்கோளுக்கு 1673ஆ 1698ஆ? கடிதம் எழுதின காலம் 1673ன்னு ஹாப்சன்-ஜாப்சன் எடுத்துக்குது. ஆனா நம்ம கைல இருக்கறது கடிதம் இல்ல, 1698ல அச்சான புத்தகம், கால் நூற்றாண்டு கழிச்சு அச்சுக்குக் கொடுக்கறவர் நடுவுல வார்த்தைய மாத்தியிருக்கவே மாட்டார்னு யாரால சொல்ல முடியும். வேடிக்கை என்னன்னா, வில்லியம் டாம்பியர் உலகத்தச் சுத்தின கதை 1697ல ஜேம்ஸ் நாப்டன் கடைக்காக லண்டன்ல அச்சாகி வந்துடுச்சு, அதுலயும் கேட்டமரான் இருக்கு. அச்சு வருஷப்படி டாம்பியர் ஒரு வருஷம் முந்திக்கறாரு, எழுதின வருஷப்படி ஃப்ரையர் முந்திக்கறாரு. என் அபிப்பிராயம் கேட்டா, தலைல அச்சு வருஷம் போடுங்க, எழுதின காலத்த பக்கத்துல சொல்லுங்க. கையெழுத்துப் பிரதி கிடைச்சு அதையே பாத்து எடுத்தா மட்டும் எழுதின வருஷத்த தலைல போடலாம்.

ஷேக்ஸ்பியருக்கு மட்டும் நடைமுறை வேற. மேக்பெத் சுமார் 1606ல எழுதினதுன்னு ஒப்புக்கிட்டிருக்காங்க, ஆனா முதல்ல அச்சானது 1623 ஃபோலியோல, அவர் செத்து ஏழு வருஷம் கழிச்சு. விக்சனரில சுமார் 1606ன்னு ஆரம்பிச்சு, வெளியான வருஷம் 1623ன்னு கூடவே வரும். அது ரெண்டையும் சொல்றதால பரவாயில்ல. ஹாம்லெட்ல இன்னும் கவனம் வேணும், 1603 குவார்ட்டோ (தாள ரெண்டு தடவ மடிச்ச சின்ன அளவு புத்தகம்) ஒண்ணு, சில பிரதில 1604ன்னும் சிலதுல 1605ன்னும் இருக்கற ரெண்டாவது குவார்ட்டோ ஒண்ணு, அப்புறம் ஃபோலியோ, மூணுலயும் வரிகள் வேற வேற.

தலைப்புப் பக்கத்து வருஷமே பொய் சொல்றதும் உண்டு. இங்கிலாந்துல 1752 வரைக்கும் சட்டப்படி வருஷம் பொறக்கறது மார்ச் 25ல. முதலாம் சார்லஸ் தலைய வெட்டினது நம்ம கணக்குல 1649 ஜனவரி 30, அவங்க கணக்குல 1648. அவர் பேர்ல அதுக்கு அப்புறம் உடனே வெளிய வந்த எய்கான் பசிலிகே புத்தகத்துல 1648ன்னு இருக்கறது அதனாலதான். எதிர்ப்பக்கமும் இருக்கு, ஜான் லாக்கோட மனித அறிவு பத்தின கட்டுரை 1690ன்னு அச்சாகியிருக்கும், கடைக்கு வந்தது 1689 டிசம்பர்லயே. இதுக்கெல்லாம் மேல 1619ல தாமஸ் பேவியருக்காக அச்சடிச்ச ஷேக்ஸ்பியர் குவார்ட்டோக்கள், சிலதுல 1600ன்னும் சிலதுல 1608ன்னும் வேணும்னே பொய்த் தேதி. கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் கழிச்சு 1908ல டபிள்யூ. டபிள்யூ. கிரெக் காகிதத்து வாட்டர்மார்க்க வெச்சுத்தான் இத உடைச்சாரு. அதனால ஈஎஸ்டிசி குறிப்ப ஒரு தடவ படிச்சுடுங்க, இந்த மாதிரி விவகாரம் இருந்தா அங்க எழுதியிருப்பாங்க.

1640லேர்ந்து 1661 வரைக்கும் உள்ள துண்டுப் பிரசுரம்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், ஜார்ஜ் தாமசன்ங்கற லண்டன் புத்தக வியாபாரி அந்த உள்நாட்டுப் போர் காலத்துல சுமார் 22,000 பிரசுரம் சேர்த்து, கைக்கு வந்த தேதிய நிறைய பிரதில பேனாவால எழுதி வெச்சிருக்காரு. இப்ப அது பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, ஸ்கேன்லயும் அந்த மை தெரியும்.

எழுத்த அப்படியே எடுக்கறது

ஃப்ரையர் வரில சொல் பன்மைல வருது, ரெண்டு டி போட்டு, முதல் எழுத்து கேப்பிட்டல். அப்படியே விடுங்க. இந்தக் காலத்து ஸ்பெல்லிங்குக்கு மாத்தக் கூடாது, அந்தக் காலத்துல பெயர்ச்சொல்லுக்கெல்லாம் கேப்பிட்டல் போடுவாங்க, அதையும் இறக்கக் கூடாது. யூவும் வீயும் இடம் மாறி இருந்தா மாறியே இருக்கட்டும், ஜேக்கு பதில் ஐ இருந்தா ஐயே இருக்கட்டும், ஃபோலியோ அச்சடிச்ச ஜாகர்ட் பேரே ஐல தொடங்கித்தான் இருக்கு. டபிள்யூ எழுத்து தீந்துபோய் ரெண்டு வீய பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தா அத மட்டும் டபிள்யூ ஆக்கலாம், அது அச்சுக்காரன் கஷ்டம்.

நீள எஸ்ஸ என்ன பண்றது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி. நான் சாதாரண எஸ் கட்சி. படிக்கறவனுக்கும் தேடறவனுக்கும் சுலபம், அர்த்தம் எதுவும் இழக்கறதில்ல. ஆனா ஒரு பக்கத்துல ஏற்கெனவே எல்லாரும் நீள எஸ்ஸோட போட்டிருந்தா நீங்க போய் கலைக்காதீங்க. எது பண்ணினாலும் ஒரு மேற்கோளுக்குள்ள ரெண்டும் கலக்கக் கூடாது. கட்டைகள சேர்த்துக் கட்டினதுன்னு ஃப்ரையர் சொல்ற இடத்துல லாஷ்டுங்கற சொல் வருது, ஓசிஆர் அத லாஃப்ஹெட்ங்கற மாதிரி ஏதோ கேவலமா கொடுக்கும், அந்த ஒரு எழுத்துலயே நீங்க ஸ்கேன பாத்தீங்களா இல்ல சும்மா காப்பி அடிச்சீங்களான்னு தெரிஞ்சுடும்.

சுருக்கெழுத்துகள். உயிரெழுத்து மேல ஒரு கோடு இருந்தா பக்கத்துல எம்மோ என்னோ முழுங்கியிருக்காங்கன்னு அர்த்தம், அத விரிச்சு எழுதினா சதுர அடைப்புக்குள்ள போடுங்க. ஒய் மேல குட்டி ஈ இருந்தா அது தி தான், யீன்னு படிக்கக் கூடாது. பழைய இங்கிலீஷ்ல டிஹெச் ஒலிக்கு இருந்த தார்ன்ங்கற எழுத்து ஒய் மாதிரி உருவம் எடுத்துக்கிட்டது, இங்கிலாந்து கடை போர்டுல இன்னைக்கும் யீ யீன்னு எழுதி வெச்சிருக்கறது இந்தக் கூத்துதான். வரிக் கடைசில சொல்ல உடைக்கப் போட்ட ஹைஃபன எடுத்துடலாம், ஆனா அந்தச் சொல்லே ஹைஃபனோட எழுதறதா இருக்குமோன்னு சந்தேகம் வந்தா அதே புத்தகத்துல வேற பக்கத்துல எப்படி இருக்குன்னு பாருங்க. பக்கத்துக் கடைசில வலது மூலையில தனியா ஒரு சொல் தொங்கும், அது அடுத்த பக்கத்தோட முதல் சொல், அத ரெண்டு தடவ டைப் பண்ணிடாதீங்க.

அச்சுப்பிழை இருந்தா புத்தகத்து கடைசில, சில சமயம் ஆரம்பத்துல, பிழைதிருத்தம் இருக்கும், கட்டாயம் பாருங்க. உங்க சொல்லே அந்தப் பிழைல ஒண்ணா இருந்தா அது வேற சொல்லே கிடையாது, மேற்கோளும் கிடையாது.

வெட்டறதுல கஞ்சத்தனமும் வேண்டாம், தாராளமும் வேண்டாம். ஃப்ரையர் சொல்லுக்குப் பக்கத்துலயே பிறை அடைப்புல சொல்றாரு: சேர்த்துக் கட்டின கட்டைகள், சரக்கு முழுசையும் கரைலேர்ந்து கொண்டு போற மாதிரி, நடுவுல ஒரு பாய், ஓட்டறதுக்கு துடுப்பு. இத வெட்டினா மேற்கோள் செத்துடும். அதுக்கு முன்னாடி கப்பல் எந்தக் கரை ஓரமா போகுதுங்கற கதை வேணும்னா எடுத்துடலாம், எடுத்த இடத்துல சதுர அடைப்புக்குள்ள மூணு புள்ளி. சாதாரண மூணு புள்ளி போட்டா ஆசிரியரே போட்டதுன்னு நினைப்பாங்க.

பக்கம் சொல்றது

பக்க எண் இருந்தா போடுங்க, ஆனா நம்பாதீங்க. முதல் ஃபோலியோல காமெடி, ஹிஸ்டரி, டிராஜெடி மூணுக்கும் பக்க எண் தனித்தனியா 1லேர்ந்து ஆரம்பிக்கும், அதனால 100ம் பக்கம்னு சொன்னா எந்த 100? ஹாம்லெட் நடுவுல 156க்கு அப்புறம் நேரா 257ன்னு தாவிடும். நாடகம், அங்கம், காட்சி, பக்கம், கூடவே இடது பத்தியா வலது பத்தியா, எல்லாம் சொல்லணும்.

எண்ணே இல்லாத புத்தகம்னா சிக்னேச்சர். பக்கத்து அடில ஏ, ஏ2, ஏ3ன்னு குட்டியா இருக்கறது பைண்டிங் பண்றவனுக்காக அச்சுக்காரன் போட்ட அடையாளம். ஒரு தாள மடிச்ச கட்டுல குவார்ட்டோவா இருந்தா பொதுவா நாலு இலை, எட்டு பக்கம், கடைசி இலைக்கு பெரும்பாலும் எழுத்து அச்சடிச்சிருக்காது, நீங்களே எண்ணி பி4ன்னு போடணும். இலையோட முன்பக்கம் ரெக்டோ, பின்பக்கம் வெர்சோ. எழுத்து வரிசைல ஜே, யூ, டபிள்யூ கிடையாது, 23 எழுத்துதான், அதனால ஐக்கு அப்புறம் நேரா கே வந்தா இலை காணும்னு பதறாதீங்க. ஈபோல ஒரு படத்துல எதிரெதிர் ரெண்டு பக்கம் தெரியும், அந்தப் பட எண்ண பக்க எண்ணா போடறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

இப்ப டெம்ப்ளேட்ல ஏத்துறது

விக்சனரில அடிக்கடி வர்ற பழைய புத்தகங்களுக்கு ஆர்க்யூன்னு ஆரம்பிக்கற ரெடிமேட் டெம்ப்ளேட், அதாவது விவரத்த கொடுத்தா மேற்கோள அமைச்சுத் தர்ற வார்ப்புரு, நிறைய இருக்கு, ஷேக்ஸ்பியர், ஸ்பென்சர், மில்டன், கிங் ஜேம்ஸ் எல்லாம். முதல்ல அது இருக்கான்னு தேடுங்க. இருந்தா பக்கமும் வரியும் மட்டும் கொடுத்தா போதும், மிச்சத்த அதுவே நிரப்பிக்கும். இல்லன்னா கோட்-புக்ங்கற பொது டெம்ப்ளேட், மொழி கோடு, வருஷம், ஆசிரியர், தலைப்பு, ஊர், வெளியீட்டாளர், பக்கம், லிங்க், வரின்னு ஒவ்வொண்ணா கொடுக்கணும்.

ஃப்ரையருக்கு இப்படி வரும்: வருஷம் 1698. ஆசிரியர் ஜான் ஃப்ரையர். தலைப்பு, தலைப்புப் பக்கத்து ஸ்பெல்லிங்லயே, அந்தக் காலத்து தலைப்பு அனுமார் வால் மாதிரி போகும், நடுவுல வெட்டி சதுர அடைப்புக்குள்ள மூணு புள்ளி வெச்சுக்கலாம். ஊர் லண்டன். வெளியீட்டாளர் இடத்துல ஆர். ஆர். அச்சடிச்சது, ரி. சிஸ்வெல்லுக்காக. இதுல ஆர். ஆர். அச்சுக்காரன், பணம் போட்டு வித்தவர் சிஸ்வெல், ரெண்டையும் குழப்பக் கூடாது. ரிங்கறத ரிச்சர்ட்னு விரிக்கணும்னா விரிச்ச எழுத்து சதுர அடைப்புக்குள்ள. எழுதின காலம் 1672லேர்ந்து 1681ன்னு குறிப்பு. பக்கம் 24. லிங்க் அந்த ஸ்கேன்ல அந்தப் பக்கத்துக்கே நேரா போகணும், புத்தகத்து அட்டைக்கு இல்ல. வரில உங்க சொல்ல மட்டும் தடிமன் ஆக்குங்க, ரெண்டு டி உள்ள அந்த உருவத்தையேதான்.

எந்தப் பொருளுக்குக் கீழ போடறோம்ங்கறதும் பாருங்க. கேட்டமரானுக்கு இன்னைக்கு முதல் பொருள் ரெண்டு உடம்பு உள்ள படகு, ஃப்ரையர் சொல்றது கட்டை கட்டினது, அது தனிப் பொருள். அதுக்குக் கீழ பழசுலேர்ந்து புதுசு வரிசைல, அதாவது 1697 டாம்பியர் முதல்ல, 1698 ஃப்ரையர் அடுத்தது. டாம்பியர் புத்தகத்துக்கு அதே 1697லயே ரெண்டாவது பதிப்பும் வந்துடுச்சு, உங்க ஸ்கேன் எதுன்னு தலைப்புப் பக்கத்துல பாத்து அதையும் சொல்லணும். ஒரு பொருளுக்கு மேற்கோள் குவிஞ்சு போச்சுன்னா மிச்சத்த அந்தச் சொல்லோட தனி மேற்கோள் பக்கத்துக்கு தள்ளிடலாம். ரெண்டு டி ஸ்பெல்லிங்குக்கு வழக்கொழிந்த உருவம்னு ஒரு சின்ன பதிவு தனியா போட்டா, பழைய புத்தகம் படிக்கறவங்க தேடி வரும்போது கைல மாட்டும்.

சேமிக்கறதுக்கு முன்னாடி பிரிவ்யூல லிங்க்க அமுக்கி, திறக்கற பக்கத்த விரல் வெச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. எடிட் சம்மரில எந்த நூலகத்துப் பிரதின்னு ஒரு வரி போடுங்க, ஏன்னா அந்தக் காலத்துல அச்சு ஓடிக்கிட்டு இருக்கும்போதே நிறுத்தி பிழை திருத்திட்டு மறுபடி ஓட்டுவாங்க, திருத்தாத தாளையும் தூக்கிப் போடமாட்டாங்க, ரெண்டும் கலந்துதான் பைண்ட் ஆகும். ஃபோல்ஜர் நூலகத்துல இருக்கற 82 முதல் ஃபோலியோல பலத சார்ல்டன் ஹின்மன் ஒண்ணோட ஒண்ணு வெச்சு ஒப்பிட்டு 1963ல புத்தகமே போட்டாரு. நாளைக்கு வேற ஒருத்தர் வேற பிரதிய பாத்துட்டு உங்க வரில ஒரு எழுத்து தப்புன்னு மாத்த வந்தா, நீங்க பாத்த பிரதி எதுன்னு அங்க எழுதியிருக்கும்.